ஆறாம் பாகத்து உதாரணம்

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு எங்க உக்காந்தாலும் பேச்சு வரும், காத்து வரணும்னு அவசியமில்ல. என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆமா, நானேதான். சந்திரபோஸ். ‘பூட்டுத் திறக்கும் நாள்’ கதை சொல்றவன். கண்டக்டர்கிட்ட ராஜபாளையம் ஒண்ணுன்னு கேட்டேன், அந்த ரெண்டு வார்த்தையிலயே பிடிச்சிட்டீங்களா? இதுக்குத்தான் சொல்றது, மூஞ்சிய மறந்துருவாங்க, குரலை மறக்க மாட்டாங்க. நானும் அப்படித்தான். ஒரு தடவை ஒருத்தர் பேசிக் கேட்டாப் போதும், பத்து வருசம் கழிச்சு முதுகுக்குப் பின்னாடி நின்னு இருமினாலும் ஆளைச் சொல்லிருவேன்.

நீங்க என்ன, பேசினா வெறும் காத்துதான் வருது? தொண்டை கட்டா? சரி சரி, தலைய ஆட்டுங்க போதும். நீங்க எதுவரைக்கும்? திருமங்கலம்தானே எடுத்தீங்க, இப்பக் கண்டக்டரைக் கூப்பிட்டு ராஜபாளையத்துக்கு மாத்துறீங்களே. அட, உங்களுக்கும் அங்க சோலி இருக்கா? நல்லதாப் போச்சு. ரெண்டரை மணி நேரம் போறதே தெரியாது.

கதை சொல்றது எனக்குத் தொழில் இல்ல தம்பி. மதுரைக்கு வெளிய ஒரு பாலிடெக்னிக்ல இயற்பியல் வாத்தியார், இருபத்திநாலு வருசமா. பாடம் நடத்தினா பசங்க தூங்குவானுங்க. அதே பாடத்தைப் பேய்க்கதை மாதிரிச் சொன்னா நிமிந்து உக்காருவானுங்க. அப்பத்தான் தோணுச்சு, குவாண்டம் கம்ப்யூட்டரோட வரலாற்றைத் தமிழ்ல, போன்ல போட்டுக் காதால கேக்குற கதையா, பத்துப் பாகமாச் சொல்லணும்னு. படம் கிடையாது, கரும்பலகை கிடையாது. குரல் மட்டும்தான்.

முதல் பாகம் ஞாபகம் இருக்கா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தொண்ணு. அமெரிக்காவுல ஒரு மாநாடு. ஒருத்தர் எந்திரிச்சுச் சொல்றாரு, இயற்கை நம்ம கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு, சைபர்னு கணக்குப் பாக்குறதில்ல, அதைப் பிடிக்கணும்னா அதோட பாஷையிலயே ஒரு மெஷின் பண்ணணும்னு. அங்க அஞ்சு செகண்ட் சத்தமே இல்லாம விட்டேன். காதுல மாட்டிக் கேக்குறவனுக்கு அஞ்சு செகண்ட் மௌனம்னா நெஞ்சு அடிக்குறது அவனுக்கே கேக்கும். மூணாம் பாகம் தொண்ணூத்தி நாலு. ஒருத்தர் காகிதத்துல ஒரு வழி எழுதுறாரு. ஒரு பெரிய எண்ணை, எந்த ரெண்டு எண்ணைப் பெருக்கினா அது வரும்னு பிரிக்கிற வழி. இதுல என்ன பயம்னா, பேங்கு, மெசேஜ்னு உலகத்துப் பூட்டுல முக்கால்வாசி, அந்த எண்ணைப் பிரிக்க முடியாதுங்கிற தைரியத்துலதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மெஷின் இன்னும் வரல, ஆனா கள்ளச்சாவிக்கு அளவு எடுத்தாச்சு. திருடன் பொறக்குறதுக்கு முன்னாடியே கள்ளச்சாவி பொறந்திருச்சுன்னு நான் சொன்னதைக் கேட்டு எங்க பிரின்சிபால் சம்சாரம் ஒரு வாரம் பேங்குப் பக்கமே போகலையாம்.

என்ன கேக்குறீங்க? கூட வர்ற பொம்பளைக் குரலா? அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க, வாத்தியாரை எவன் கேக்குறான்.

அது வேணி. கிருஷ்ணவேணி. எங்க லேப் அசிஸ்டென்ட். ‘சார், அப்படின்னா ரெண்டும் ஒரே நேரத்துல இருக்குமா சார்?’னு கேக்கும் பாருங்க, அது எழுதிக் குடுத்துக் கேட்டதில்ல. நெசமாவே புரியாமக் கேட்டது. அதான் அந்தக் குரல்ல ஒரு சத்தியம் இருக்கும்.

தம்பி, ஒண்ணு சொல்றேன், வெளிய விட்டுறாதீங்க. அந்தப் புள்ள இப்ப மதுரையில இல்ல. வீட்டுக்காரனுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கு. இருக்குற இடம் உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும், அதோட அக்காவுக்கும் எனக்கும். அவன் கையில கிடைச்சா நான் மனுசியா இருக்க மாட்டேன் சார்னு சொல்லிச்சு. அதனாலதான் நான் யார்கிட்டயும் வாயத் திறக்குறதே இல்ல.

எப்படி ஆச்சுன்னா கேக்குறீங்க? கேளுங்க. நடந்ததைச் சொன்னாத்தான் என் மேல தப்பு இல்லன்னு உங்களுக்குப் புரியும்.

என் பாணியே உதாரணம்தான். உதாரணம் இல்லாத பாடம் உப்பில்லாத குழம்பு. அதுவும் புத்தகத்து உதாரணம் ஆகாது, அக்கம்பக்கத்துல நடந்ததா இருக்கணும். நாலாம் பாகத்துல, அந்த மெஷினை எவ்வளவு குளிர்ல வெக்கணும், லேசா ஒரு அதிர்வு பட்டாக்கூடக் கணக்குக் கலைஞ்சிரும்னு சொல்றதுக்கு, எங்க மாமியார் தயிருக்கு உறை ஊத்தி வெச்சுட்டு வீட்டுல ஒருத்தரையும் அடுப்படிப் பக்கம் நடக்க விடாத கதையைச் சொன்னேன். ஊரே சிரிச்சுச்சு. மூணு மாசம் எனக்குத் தட்டுல தயிர் விழல. அஞ்சாம் பாகத்துல, ரெண்டாயிரத்து ஒண்ணுல, மெஷின் முதமுதலாப் பதினஞ்சை மூணு, அஞ்சுன்னு பிரிச்சுக் காட்டுது. நாலாங்கிளாஸ் புள்ள சொல்லுமேன்னு ஆளாளுக்குச் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புச் சத்தத்தைப் போட்டு, மெல்ல மெல்லக் குறைச்சு, சிரிச்சவன் வீட்டுப் பூட்டும் அந்த வரிசையிலதான் நிக்குதுன்னு முடிச்சேன்.

ஆறாம் பாகம். நாப்பது தடவையா? ஆறாம் பாகத்தை மட்டும் நாப்பது தடவை கேட்டீங்களா? எங்க, போனைக் காட்டுங்க. ஆத்தாடி. தம்பி, நீங்க ரசிகர்.

அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்ல. மெஷின் இன்னும் வரல, ஆனா வரும்னு தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்? பூட்டின பெட்டிய இன்னிக்கே தூக்கிட்டுப் போய் வெச்சுக்குவான். இன்னிக்குத் திறக்காது, இருந்துட்டுப் போகட்டும், என்னிக்கு மெஷின் வருதோ அன்னிக்குத் திறந்துக்கலாம். நீங்க அனுப்பிட்டு மறந்த மெசேஜ் எங்கயோ ஒரு கிடங்குல உங்களை மறக்காம உக்காந்திருக்கலாம். இதுக்கு ஒரு உதாரணம் வேணும். பேங்குக் கணக்கைச் சொன்னா எவனுக்கும் உறைக்காது. உசிரு போற ரகசியமா இருக்கணும்.

அப்பத்தான் வேணி சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் லேப்ல கால்வனாமீட்டரைத் துடைச்சுக்கிட்டே சொல்லிச்சு. வீட்டுக்காரன் பேரு வீரணன், பேட்டரிக் கடை வெச்சிருக்கான். கை நீட்டுற ஆளு. கோவில்பட்டியில இருக்குற அக்காகூடப் பேசவே கூடாதுன்னு உத்தரவு. இது அக்கா நம்பரைப் போன்ல ‘கேஸ் ஏஜென்சி’ன்னு போட்டு வெச்சு, எப்பக் கிளம்பலாம், சர்ட்டிபிகேட்டை எங்க ஒளிச்சு வெக்கலாம்னு மெசேஜ் போடும், அவன் இல்லாத நேரம் கூப்பிட்டும் பேசும். மெசேஜைப் போட்ட கையோட அழிச்சிரும். ரெண்டு வருசமா. கேட்டு அசந்துட்டேன் தம்பி. இப்படி ஒரு உதாரணம் தேடினாக் கிடைக்குமா?

அப்படியே எடுத்துச் சொல்ல நான் என்ன கூறுகெட்டவனா? பேரை மாலதின்னு மாத்தினேன். அக்காவைத் தோழியாக்கினேன். மதுரையைச் சேலமாக்கினேன், பேட்டரிக் கடையை அரிசிக் கடையாக்கினேன். அந்தக் கேஸ் ஏஜென்சியை மட்டும் மாத்த மனசு வரல. மாத்தினா ருசி போயிருமே. வேணிக்கு முன்கூட்டிச் சொல்லல, அது வேற. எங்க வழக்கம் என்னன்னா, அதோட கேள்வியெல்லாம் முதல்லயே லேப்ல பதிஞ்சு வெச்சுக்குவோம். நான் என் பங்கை வீட்டுல தனியாப் பேசி, கேள்விய எங்க வேணுமோ அங்க சொருகிக்குவேன். மாலதி கதை முடிஞ்ச இடத்துல வேணி கேட்டு வெச்சிருந்த ஒரு கேள்வியச் சொருகினேன். ‘அப்ப யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சதெல்லாம் தெரிஞ்சிருமா சார்?’ அவ்வளவு பொருத்தம். எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

கம்பிய ஏன் தம்பி அப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க, வண்டி மெதுவாத்தானே போகுது.

அந்த வீரணன் கடையில என் கதையப் போட்டுக் கேப்பானாம். பொண்டாட்டி குரல் வருதுன்னு பெருமை. பேட்டரி வாங்க வர்றவனையெல்லாம் நிறுத்திக் கேக்கச் சொல்லுவானாம். ஆறாம் பாகத்துல கேஸ் ஏஜென்சின்னு வந்ததும் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிருக்கான். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு, ரெண்டு மாசத்துக்கு ஒரு சிலிண்டர். போனை வாங்கிப் பாத்தா அந்த மாசம் மட்டும் கேஸ் ஏஜென்சிக்கு அறுபது கால். மெசேஜை அழிச்ச புள்ள, கால் பட்டியலை அழிக்கலையே. அதுக்குப் போய் நான் என்ன பண்ண முடியும்?

நாலு நாள் லீவு. அஞ்சாம் நாள் இடது கையைத் துணியில சுத்திக்கிட்டு வந்து நிக்குது. ஆசிட். ‘இந்தத் தடவை கை, அடுத்த தடவை மூஞ்சின்னு சொல்லியிருக்காரு சார்’னு சொல்லிச்சு. அழல. அழுதிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். அப்புறம் சொல்லிச்சு பாருங்க ஒரு வார்த்தை: ‘பூட்டைத் திறக்க மெஷின் வரணும்னு சொன்னீங்களே சார். உதாரணம் போதும்னு சொல்லலையே.’ எப்பேர்ப்பட்ட வசனம் தம்பி. பத்தாம் பாகத்துல வெக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

எனக்கும் வருத்தம்தான். மறைக்க மாட்டேன். ரெண்டு நாள் சோறு இறங்கல. ஆனா நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அந்தப் புள்ள என்கிட்ட வாயத் திறக்காம இருந்திருந்தா இந்த வம்பே இல்ல. வெகுளி. யாரை நம்பணும், யாரை நம்பக்கூடாதுன்னு தெரியாது.

அது வீட்டை விட்டுக் கிளம்பினப்போ நான்தான் கூட நின்னேன், அதைச் சொல்லணும்ல. சர்ட்டிபிகேட்டெல்லாம் என் பீரோவுல இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிச்சு மில் ஆபீசுல வேலையும் வாங்கிக் குடுத்தேன். அக்கா வீட்டுக்குப் போனா அவன் நேரா அங்கதான் வருவான்னு வேற ஊருல ஒரு மாடி ரூம் பாத்துக் குடுத்தேன். வேற எவன் செய்வான்?

ஆனா பாருங்க, ஏழாம் பாகம் படுத்துருச்சு. ரெண்டாயிரத்துப் பத்தொம்பது, ஒரு கம்பெனிக்காரன் பத்தாயிரம் வருச வேலையை இருநூறு செகண்டுல முடிச்சிட்டோங்கிறான், இன்னொரு கம்பெனிக்காரன் அடப்போப்பா, அதை நாங்க பழைய மெஷின்லயே ரெண்டரை நாள்ல முடிப்போங்கிறான். எப்பேர்ப்பட்ட சண்டை. நான் மட்டும் தனியாக் கத்திக்கிட்டு இருக்கேன், கேள்வி கேக்க ஆள் இல்ல. அந்தப் பொம்பளைக் குரல் எங்க, கேள்வி கேக்குற பொண்ணு எங்கன்னு நூத்துக்கணக்குல கேட்டு எழுதுறாங்க. நான் என்ன பண்ணுவேன்? வேணிக்குப் போன் போட்டேன். பயமா இருக்கு சார், வேணாம் சார்னு சொல்லிச்சு. குரலை வெச்சு ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா, என்ன பைத்தியக்காரத்தனம்னு பேசிப் பேசிக் கரைச்சேன். உன்னால பாதியில நின்னு போச்சுன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்கன்னு கேட்டேன். சரின்னுருச்சு. செய்நன்றி உள்ள புள்ள. ரூமுல போர்வைய முக்காடு போட்டுக்கிட்டு, போன்லயே பேசி அனுப்பிச்சு. எட்டாம் பாகமும் ஒம்பதாம் பாகமும் அப்படி வந்ததுதான்.

சங்குச் சத்தமா? எட்டாம் பாகத்துல வருமே, அதையா கேக்குறீங்க? அடேயப்பா, காதுள்ள ஆளு தம்பி நீங்க. சத்தம் சேக்குற பையன் அதை வெட்டிருவோம் சார்னான். நான் விடல. குவாண்டம் மெஷினுக்குத்தான் வெளிச்சத்தம் ஆகாது, கதைக்கு அதுதான் உயிர். அது மில்லுச் சங்கு. வேணி ரூமுக்குப் பின்னாடிதான் மில்லு. எந்த ஊருன்னு நான் சொல்ல மாட்டேன், அதான் ரகசியம்னு சொன்னேன்ல. இன்னிக்குச் சனிக்கிழமை, லீவு, அங்கதான் போய்க்கிட்டிருக்கேன், பத்தாம் பாகத்தை நேர்ல உக்கார வெச்சுப் பதிய.

என்ன சிரிக்கிறீங்க? ஓ. ஆமா. ராஜபாளையம் டிக்கெட்டை உங்க முன்னாடிதானே எடுத்தேன். சரி விடுங்க, உங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகிறப்போகுது.

அந்த வீரணன் எனக்கே போன் பண்ணான் தெரியுமா? போன வாரம். நான் திட்டப்போறான்னு பயந்தேன், இல்ல, ரொம்ப மரியாதை. ‘சார், ஒரே ஒரு தடவை பாத்து மன்னிப்புக் கேக்கணும் சார்’னு கெஞ்சுறான். கல்லு மனசும் கரையும். நான் அசைஞ்சு குடுக்கலையே. இடத்தைச் சொல்ல மாட்டேன், அது தெக்க எங்கயோ நல்லா இருக்கு, வேளைக்குச் சாப்பிடுது, வர்ற சனிக்கிழமை நான் போய்ப் பாக்கும்போது நீங்க மன்னிப்புக் கேட்டதை அதுகிட்டச் சொல்றேன்னு சொல்லி வெச்சுட்டேன். அதோட சரி. ஊரைச் சொன்னேனா? மூச்சு விடல.

அதென்ன, உங்க சட்டையில பொட்டுப் பொட்டா ஓட்டை? கையிலயும் வெள்ளை வெள்ளையாத் தழும்பு. மெக்கானிக் வேலையா? அதான் பாத்தேன். வேணியும் சொல்லும், வீட்டுக்காரன் சட்டை ஒண்ணு உருப்படியா இருக்காது சார், ஆசிட் தெறிச்சுத் தெறிச்சுச் சல்லடையாப் போயிரும்னு. உங்க தொழிலும் அதே கஷ்டம்தான் போல. அந்தப் பையை மேல வெக்கலாமே, ஏறினதுலேர்ந்து மடியிலயே வெச்சிருக்கீங்க. உள்ள என்ன, தண்ணி பாட்டிலா? ஒரு வாய் குடுங்க, பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சு. தண்ணி இல்லையா? சரி, அதுக்கு ஏன் அப்படிக் கையைத் தட்டி விடுறீங்க, நான் என்ன பிடுங்கிக்கிட்டா போகப்போறேன்.

ஒரு நிமிசம் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா தம்பி? சொன்னாச் சிரிப்பீங்க. சீ, வேணாம். நாப்பது தடவை கேட்ட ஆளைப் போய் அப்படி நினைச்சா எனக்கே பாவம். அந்தப் புள்ளையோட பயம் எனக்கும் தொத்திக்கிச்சு போல.

வந்தாச்சு, இறங்குங்க. உங்க சோலி எந்தப் பக்கம்? நான் போற பக்கம்தானா? அட, வேணியைப் பாக்கணுமா? ஒரே ஒரு நிமிசமா? தம்பி, அது யாரையும் பாக்காது. இல்லைங்க, அதுக்குச் சொல்லல. ஐயையோ, கண்ணெல்லாம் கலங்குதே. ஒரு குரலுக்காகவா? இருபத்திநாலு வருசம் பாடம் நடத்தினேன், என் பாடத்தைக் கேட்டு ஒருத்தன் கண்ணு கலங்கி நான் பாத்ததில்ல. வாங்க. வாங்கங்கிறேன். என் பொறுப்பு. தன்னை யாருமே தேட மாட்டாங்கன்னு சோந்து போய்க் கிடக்குற புள்ளைக்கு உங்களைப் பாத்தா நாலு நாளைக்குத் தெம்பா இருக்கும்.

இந்தச் சந்துதான். செருப்பைத் தேய்க்காம நடங்க, கீழ் வீட்டு அம்மா நாய் வெச்சிருக்கு. மாடிப்படி குறுகல், பாத்து. இதுதான் கதவு. மெதுவாப் பேசுறேன் கேளுங்க. அது ஓனரம்மா தட்டினாக்கூடத் திறக்காது. அக்கா வரணும், இல்லாட்டி என் குரல் வரணும். போன்ல பேசினாப் பத்தாது, கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு நான் பேசணும், அது காதால கேக்கணும். ரெண்டாயிரத்து இருபத்தி நாலுல, வரப்போற மெஷினுக்கும் திறக்காத பூட்டுன்னு புதுசா வெளியிட்டாங்கள்ல? ஒம்பதாம் பாகத்துல சொன்னேனே. அதுக்கெல்லாம் மேல இந்தப் பூட்டு. என்னைத் தவிர ஒருத்தனும் திறக்க முடியாது.

நீங்க இப்படிச் சுவரோரமா ஒதுங்கி நில்லுங்க. சன்னல் வழியாப் பாத்தா ஆள் தெரியக்கூடாது. திறந்ததும் பாக்கட்டும், அசந்துரும்.

‘வேணி. நான்தாம்மா. போஸ் சார் வந்திருக்கேன்.’

கேளுங்க, எந்திரிச்சு வருது. கொலுசுச் சத்தம். கதவுகிட்ட வந்து நின்னுருச்சு. என்ன கேக்குது? கூட யாரும் வந்திருக்காங்களாங்குது. எத்தனை முன்சாக்கிரதை பாருங்க. ஷ்ஷ், நீங்க அசையாதீங்க.

‘யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான். திற.’

மேல் தாழ்ப்பாளை எடுத்துருச்சு தம்பி. இனிக் கீழ்த் தாழ்ப்பாள் ஒண்ணுதான்.